வாசலுக்குத் தேக்கா, ஸ்டீலா? பழைய நிலையை விற்பதற்கு முன் ஒரு நிமிஷம்!

சம்பா அறுவடை முடிந்து, நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் எங்கள் கும்பகோணம் பக்கம் வீட்டு வேலைகள் சூடு பிடிக்கும். அஸ்திவாரம் தோண்டும்வரை குடும்பம் ஒற்றுமையாகத்தான் இருக்கும். நிலை, கதவு, ஜன்னல் என்று பேச்சு வந்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "தலைவாசல்னா தேக்குதான் லட்சணம்" என்று பெரியவர்கள் ஒரு பக்கம். "ஸ்டீல்ல போட்டா கரையானும் வராது, மழைக்கு இறுகவும் இறுகாது" என்று பிள்ளைகள் இன்னொரு பக்கம். நடுவில் கொத்தனார், "நிலையை நிறுத்தாம சுவரை ஏத்த முடியாதும்மா, சீக்கிரம் சொல்லுங்க" என்று நிற்பார்.

அவசரத்தில் எடுக்கும் முடிவு இது. ஆனால் ஆயுசுக்கும் கூடவே இருக்கப்போகிற முடிவும் இதுதான். வண்ணம் பிடிக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிவிடலாம். நிலையை மாற்ற வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் வீடுகளில் 'ஸ்டீல்' என்றால் எவர்சில்வர் டம்ளர்தான் நினைவுக்கு வரும். 'டம்ளர் துரு பிடிக்காதே, கதவு மட்டும் எப்படிப் பிடிக்கும்?' என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கடையில் ஸ்டீல் கதவு என்று விற்பது பெரும்பாலும் எவர்சில்வர் இல்லை. சாதாரண இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு கொடுத்தது, அதாவது ஜி.ஐ. அந்தப் பூச்சும் இல்லாமல் பிரைமர், பெயின்ட் மட்டும் அடித்தது எம்.எஸ். இந்த மூன்றும் மூன்று வேறு வேறு பொருட்கள். விலையும் வேறு, ஆயுளும் வேறு. "இது எம்.எஸ்.ஸா, ஜி.ஐ.யா? தகடு எத்தனை மில்லிமீட்டர்? துத்தநாகப் பூச்சு எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 'கேஜ்' கணக்கில் பதில் சொன்னால் கவனம் தேவை. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிதாகும். 20 கேஜ் என்பது 16 கேஜை விடப் பெரிதாகத் தெரியும். கையில் வாங்கினால் தகரம் மாதிரி இருக்கும்.

தண்ணீர்தான் முதல் எதிரி

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர் கும்பகோணம். சுற்றிலும் வயல், வாய்க்கால், களிமண். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வியர்க்கும். அப்போது மரக் கதவு ஈரத்தைக் குடித்து உப்பும். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் உப்பும். அதனால்தான் கதவு மேலே கீழே இடிக்காமல் பக்கவாட்டில் இறுகுகிறது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடச் சொல்கிறோம். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியதும் அந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. பிறகு "மரம் சரியில்லை" என்று புலம்பல். மழை ஓய்ந்து, கதவு காய்ந்த பிறகு எவ்வளவு இறுக்கம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து இழைத்தால் இந்தப் பிரச்னை பாதி வராது.

நல்ல தேக்கு இந்த ஆட்டத்தை மற்ற மரங்களைவிடக் குறைவாக ஆடும். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. கரையானும் சுலபத்தில் நெருங்காது. ஆனால் இந்தப் பெருமையெல்லாம் வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குத்தான். மரத்தின் ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதிக்கு இந்தக் குணம் கிடையாது. அது தேக்கே ஆனாலும் கரையானுக்குச் சோறுதான். இளம் மரத்தில் அந்த வெள்ளைப் பகுதி அதிகமாக இருக்கும். 'தேக்கு வாங்கினேன், ஏமாந்தேன்' என்று சொல்கிறவர்கள் பலர் வாங்கியது இப்படி வெள்ளை கலந்த கட்டையாக இருக்கும். பாலீஷ் போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இழைப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

இரும்புக்கு ஈரம் வேறு விதமாக வேலை செய்கிறது. அது உப்பாது, வளையாது, கரையானுக்கும் வேண்டாம். ஆனால் வெட்டிய முனை, வெல்டிங் வைத்த இடம், தாழ்ப்பாளுக்குத் துளை போட்ட இடம் என்று துத்தநாகப் பூச்சு போன இடத்திலெல்லாம் துரு நுழையும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நிலைக்குப் பக்கத்துப் பூச்சு வெடித்து உதிர்கிறது. பாத்ரூம் நிலையின் கீழ் அரை அடியைப் பாருங்கள், நான் சொல்வது புரியும். தினமும் தண்ணீர், வாரம் ஒருமுறை ஆசிட். ஆசிட் துத்தநாகத்தைத்தான் முதலில் தின்கிறது. உள்ளே கூடாக இருக்கும் நிலை என்றால் துரு உள்ளிருந்து வரும்; வெளியே பெயின்ட் புதுசாகவே இருக்கும். வெளியே தெரியும்போது கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

மரம் கெட்டுப்போனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். கதவு இறுகும், பொடி கொட்டும், தட்டினால் சத்தம் மாறும். கூடான இரும்பு கடைசிவரை வாயைத் திறக்காது. பாத்ரூமுக்கு என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். ஆர்.சி.சி. நிலையோ கருங்கல் நிலையோ வைத்து, பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. கதவு மாட்டிவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும். பரவாயில்லை, விருந்தாளியை உட்கார வைக்கிற இடமா அது?

இடித்துக் கொடுக்கிறேன், மரத்தைக் கொடுத்துவிடுங்கள்!

இந்தக் கட்டுரைக்குக் காரணமே இந்தப் பகுதிதான். புது வீடு கட்டுகிற பலரும் வெறும் மனையில் கட்டுவதில்லை. தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத்தான் கட்டுகிறார்கள். கும்பகோணத்தின் பழைய வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பராமரிக்கிறது. திண்ணை, ஓட்டுக் கூரை, தெருவைப் பார்த்த ஜன்னல். இதே மாதிரி வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன.

எங்கள் சித்தி வீடும் இப்படித்தான். இடிப்பதற்கு ஆள் கேட்டபோது ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இடிப்புக் கூலியே வேணாம்ணே, மரத்தையும் ஓட்டையும் மட்டும் நான் எடுத்துக்கறேன்" என்றார். சித்தப்பாவுக்குச் சந்தோஷம். கூலி மிச்சம்! துபாயில் இருக்கும் தம்பியும் போனில், "குடுத்துடுங்கப்பா, பழைய கட்டையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்? புதுசா ஸ்டீல் போட்டுக்கலாம்" என்றான். சித்திக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தான் மருமகளாக வலது காலை எடுத்து வைத்து நுழைந்த நிலை அது.

மனசுக்கு விலை போட முடியாது. மரத்துக்குப் போடலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பாவும் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினோம். தலைவாசல் நிலைக்கட்டை 6 அங்குல அகலம், 4 அங்குல கனம். சுற்று நீளம் 21 அடி. கணக்குப் போட்டால் 3.5 கன அடி. திண்ணைத் தூண் நான்கு, ஒவ்வொன்றும் 6 அங்குல விட்டம், 8 அடி உயரம். நான்கும் சேர்ந்து 6 கன அடிக்கு மேல். கூடத்து உத்திரம் இரண்டு, 8-க்கு 6 அங்குலம், 12 அடி நீளம். அது ஒரு 8 கன அடி. மொத்தம் பதினேழரைக்கு மேல் வந்தது. கைமரம், ரீப்பர், ஜன்னல் எதையும் நாங்கள் எண்ணவே இல்லை.

இப்போது புது வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், 5-க்கு 3 அங்குலக் கட்டை, கீழ்க்கட்டையோடு தலைவாசல் நிலை என்றால் சுமார் 2.2 கன அடி. கீழ்க்கட்டை இல்லாத அறை நிலைக்கு 1.8 கன அடி. அறுப்பில், இழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வீணானாலும், அந்தப் பழைய மரத்தில் தலைவாசலும் நாலைந்து அறை நிலைகளும் வந்துவிடும். உங்கள் ஊர் மரக்கடையில் முதல் தரத் தேக்கு ஒரு கன அடி என்ன விலை என்று விசாரித்து, பதினேழரையால் பெருக்கிப் பாருங்கள். 'இலவச' இடிப்பின் கூலி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். 'பர்மா தேக்கு' என்று கடையில் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் முழு மரக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. இன்று கடைகளுக்கு வரும் தேக்கில் கானா, ஈக்வடார், கோஸ்டாரிகா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கும் நிறைய. நம் பக்கத்திலேயே கல்லணைக் கால்வாய்க் கரையோரம் வனத்துறை வளர்த்த தேக்கு உண்டு. தோட்டத் தேக்கு மட்டம் என்று நான் சொல்லவில்லை. வயதைப் பார்த்து, வைரத்தைப் பார்த்து வாங்கினால் நன்றாகவே உழைக்கும். ஆனால் பல தலைமுறையாகக் காய்ந்து, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ந்த பழைய கட்டையை விற்றுவிட்டு, அதைவிட இளசான மரத்தை அதிக விலைக்கு வாங்குவதில் என்ன லாபம்? காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுப் பொருட்களுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாம் வேண்டாமென்று தள்ளுகிற நிலைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

பழைய மரத்திலும் வில்லங்கம் உண்டு. உள்ளே ஆணி ஒளிந்திருக்கும்; அறுப்பு மில்லில் ரம்பத்தின் பல் போய்விடும் என்று வாங்க மறுப்பார்கள். எல்லா ஆணியையும் பிடுங்கிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். தரையைத் தொட்டிருந்த அடிப்பகுதி, சுவருக்குள் புதைந்திருந்த உத்திர முனை இரண்டும் பெரும்பாலும் இற்றுப் போயிருக்கும், அதை வெட்டித் தள்ளிவிடுங்கள். சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பவுடர் கொட்டினால் அதை அடுப்புக்கு அனுப்பிவிடலாம். பழைய மரம் எல்லாமே தேக்கு என்றும் எண்ண வேண்டாம். கைமரம் பனையாக இருக்கலாம், உத்திரம் வேறு மரமாக இருக்கலாம். தெரிந்த ஆசாரி ஒருவரை அரை நாள் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போனால் போதும், ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிவிடுவார்.

தீப்பிடித்தால் எது நிற்கும்?

இதை எழுதக் கை தயங்குகிறது. 2004 ஜூலை 16. காசிராமன் தெருப் பள்ளியில், சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கொட்டகைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. எங்கள் ஊரில் எரியும் பொருள், எரியாத பொருள் என்ற பேச்சு வந்தால் அந்த நாள் நினைவுக்கு வராமல் இருக்காது.

அதனாலேயே பலர், 'இரும்பு எரியாது, இரும்புதான் பாதுகாப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு நேரானது இல்லை. கீற்று, மெல்லிய பலகை, பிளைவுட் எல்லாம் நொடியில் பற்றும். ஆனால் கனமான மரக்கட்டை வேறு மாதிரி. மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடும். நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் தீ உள்ளே போகும். இரும்பு எரியாதுதான், ஆனால் 550 டிகிரி சுற்றளவில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்து துவள ஆரம்பிக்கும். வீட்டுத் தீயில் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமே இல்லை.

வாழும் வீட்டுக்கு இதைவிட முக்கியமான கேள்வி, வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான். திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் அசையாத இரும்பு கிரில், மாடிக்கு இரும்புக் கேட், அதற்குப் பூட்டு, சாவி எங்கோ ஒரு ஆணியில். ராத்திரி புகை சூழ்ந்தால் அந்தச் சாவி கிடைக்குமா? புதுசாக கிரில் போடுகிறவர்கள், படுக்கை அறைக்கு ஒன்று என்ற கணக்கிலாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி கீல் வைத்த கிரில் கேளுங்கள். பட்டறையில் செய்து தருவார்கள்.

தகரக் கூரையும் இரும்புச் சட்டமும் இருக்கும் இடங்களுக்கு மின்சாரமும் ஒரு பயம். மழைக்காலத்தில் எங்கோ ஒரு வயரின் மேல்தோல் கிழிந்து இரும்பைத் தொட்டால் வீடு முழுவதும் ஷாக். எர்த்திங்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் இரும்புச் சட்ட வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

அமெரிக்கா மச்சான் வீட்டில் மட்டும் எப்படி?

"அங்கே வீடே மரச்சட்டத்துலதான் நிக்குதாமே, நாம மட்டும் ஏன் பயப்படணும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்மைதான். அங்கே சுவர் என்பதே 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள், 'ஸ்டட்' என்பார்கள். இரண்டு பக்கமும் பலகை அறைந்து, நடுவில் குளிர் தாங்கப் பஞ்சு அடைப்பார்கள். காட்டு மரம் தாராளமாகக் கிடைக்கிற குளிர் தேசத்து வழக்கம் அது. நம் ஊரில் பாரத்தைச் சுமப்பது செங்கல்லும் கான்கிரீட்டும். மரமோ இரும்போ, இங்கே வாசலுக்கும் ஜன்னலுக்கும்தான்.

ஆனால் அந்த ஸ்டட் சத்தமில்லாமல் நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கூடத்தைத் தடுத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படிக்கும் அறை, மாடியில் ஏ.சி. அறைக்கு ஃபால்ஸ் சீலிங் என்று ஜிப்சம் போர்டு வேலை செய்கிறார்களே, அதற்குள்ளே நிற்பது இதுதான். இங்கே என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு ஜி.ஐ. சட்டத்துக்கே. காசு மிச்சம் என்று நாட்டு மரச்சட்டம் அடித்து மூடிவிட்டால் கரையான் உள்ளே ஊரே கட்டும். போர்டு சாயும்வரை நமக்குத் தெரியாது. ஜி.ஐ. சட்டத்தின் தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான். அதனால் டி.வி., புத்தக அலமாரி மாட்டப் போகிற இடத்தில் போர்டை மூடும் முன்பே உள்ளே கனமான பிளைவுட் வைக்கச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அறுத்துத்தான் வைக்க வேண்டும். தரைத்தளத்தில் வெள்ளம் எட்டிப் பார்க்கும் தெருவென்றால் ஜிப்சமே வேண்டாம், சிமென்ட் ஃபைபர் போர்டு போடுங்கள்.

மரமும் இரும்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யார் சொன்னது? திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம். மேலே மரம், சிற்பம். கீழே சக்கரமும் அச்சும் இரும்பு, ஹைட்ராலிக் பிரேக் வேறு. செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். தரையோடு உரசித் தேயும் இடத்துக்கு இரும்பு, கண் போகிற இடத்துக்கு மரம். யாரும் அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தி வீட்டிலும் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. பழைய நிலையின் இற்றுப்போன அடியை வெட்டி, உத்திரக் கட்டையில் ஒட்டுப் போட்டுத் தலைவாசல். அறைகளுக்கும் உத்திரத்து மரமே. கொல்லைப்புறக் கதவும் மாடிக் கதவும் ஜி.ஐ. மேற்குப் பார்த்த மாடிக் கதவு சாயங்காலம் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. இரும்பு, மரத்தைவிடச் சுமார் 300 மடங்கு சூட்டைக் கடத்தும், பிறகென்ன! மேலே ஒரு சன்ஷேடு இழுத்திருக்கலாம் என்று தம்பி இப்போது சொல்கிறான். இடித்தவருக்குக் கூலியைக் கையில் கொடுத்துவிட்டார் சித்தப்பா.

நிலை வைக்கும் நாளில் மஞ்சள், குங்குமம், காசு, பூ எல்லாம் ஞாபகமாக வாங்கி வைத்துவிடுவோம். அதோடு ஒரு டப்பா தாரையும் வாங்கி வையுங்கள். மர நிலையின் அடியிலும், சுவரைத் தொடும் மூன்று பக்கத்திலும் முந்தின நாளே தார் பூசிக் காயவிட வேண்டும். நிலையைச் சுவரோடு பிடிக்கிற ஹோல்டுபாஸ்ட் பக்கத்துக்கு மூன்று வீதம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அவற்றுக்கும் ஒரு கோட்டு ரெட் ஆக்சைடு. இரும்பு நிலை என்றால் உள் கூட்டுக்குள் சிமென்ட் கலவையை இடைவெளி இல்லாமல் நிரப்பச் சொல்லுங்கள். சுவர் ஏறிவிட்டால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது. அன்றைக்கு நல்ல நேரம் ஆறிலிருந்து ஏழரை என்றால், ஆசாரியை ஐந்து மணிக்கே வரச் சொல்லிவிடுங்கள்.